நிலைக்கு அடியில் பனியன் வேஸ்ட்

என் தங்கை மூன்று வருடம் என் வீட்டுப் படி ஏறவில்லை. சொத்துத் தகராறு கிடையாது, சம்பந்தம் பேசி முறிந்ததும் கிடையாது. மொட்டை மாடிக் கதவின் மர நிலைக்கு அடியில் மழைத் தண்ணீர் இறங்கியது, அவ்வளவுதான். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கட்டிங் மாஸ்டர். முப்பது வருடமாகப் பனியன் துணி வெட்டுகிறேன். மேசை மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, மெஷினை ஒரே ஓட்டமாக ஓட்டி, ஒரு கட்டுச் சட்டைகளுக்கான கைகளை எல்லாம் ஒன்றாக வெட்டி எடுக்கிற வேலை. கை கொஞ்சம் பிசகினால் மொத்தமும் போச்சு. அதனால் என் கம்பெனியில் எனக்கு முன்னால் என் குரல் வந்து சேரும். துணி விஷயத்தில் எனக்கு ஒரு பெயரும் உண்டு. சாயப்பட்டறையிலிருந்து ரோல் வந்து இறங்கியதும் துணியை மடியில் விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவேன். சொட்டு உருண்டையாக நின்றால் ரோல் திரும்பிப் போகும். "வேர்வை குடிக்காததெல்லாம் ஒரு பனியனா?" என்று வண்டிக்காரரைக்கூடத் திட்டியிருக்கிறேன், அவர் என்ன செய்வார் பாவம். பனியன் துணி என்றால் தண்ணீரைக் கண்டதும் இழுத்துக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியும். இந்த ஊரில் வேறு எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இதை எழுதும்போதே எனக்கு என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

வீடு கட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. மர வேலை முழுவதும் தங்கையின் கணவர் செய்தது. நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். திருமுருகன்பூண்டியில் சிற்பப் பட்டறைகளை ஒட்டினாற்போல் அவருடைய மரப்பட்டறை. ஒரு பக்கம் உளிச் சத்தம், ஒரு பக்கம் ரம்பச் சத்தம், நடுவில் இவர் வாயைத் திறக்காமல் வேலை பார்ப்பார். ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் கிடைக்கும். எனக்கோ ஒரு பதிலுக்குப் பத்துக் கேள்வி கேட்டால்தான் பேசியது போல இருக்கும். ஏணி வைத்தாலும் எட்டாத பொருத்தம்.

கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மாடிக் கதவின் நிலையைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான்கு பக்கமும் மரச் சட்டம். அதில் கீழ்க்கட்டைதான் மாடித் தளத்தின் மேல் உட்கார வேண்டும். தளம் சமமாக இல்லை. கட்டைக்கும் தளத்துக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்குச் சந்து. ஆப்பு வைத்து நிலையை நேராக்கிவிட்டுச் சொன்னார்:

"இதுல யாரும் கை வெக்க வேண்டாமுங்க மச்சான். நான் ரெண்டு நாள்ல வந்து அடியில பசை போட்டு உக்கார வெச்சுத் தர்றனுங்க."

"இன்னைக்கே வெச்சா என்னங்க மாப்ள?"

"தளம் ஈரமா இருக்குதுங்க. காயோணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெயிண்டர் வந்து நிற்கிறார். கொத்தனார் அடுத்த வீட்டு வேலைக்குப் போகத் துடிக்கிறார். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. இவருக்கு மட்டும் தளம் காய வேண்டுமாம். அன்று சாயங்காலமே நான் என் ஊர்க்காரன் செய்கிற வேலையைச் செய்தேன். கம்பெனியிலிருந்து ஒரு பை வேஸ்ட் கொண்டுவந்தேன்.

திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். துணி வெட்டும்போது ஓரத்தில் விழுகிற துண்டு துணுக்குகளைத்தான் வேஸ்ட் என்போம். எங்கள் வீடுகளில் அது இல்லாத இடமே கிடையாது. வண்டி துடைக்க அதுதான், அடுப்பிலிருந்து குண்டானை இறக்க அதுதான், தலையணைக்குள் அதுதான். எலி வளையைக் கண்டால் முதலில் அதைத்தான் திணிப்போம். தண்ணீர் டிரம் மூடி லூசாக இருந்தாலும் அதே வேஸ்ட்தான். ஓட்டை என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் எங்களுக்குக் கை தானாக வேஸ்ட் பையைத் தேடும். நானும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி, நிலைக்கு அடியில் இருந்த சந்து முழுவதையும் கெட்டியாக அடைத்தேன். அதன் மேல் கொத்தனாரைச் சிமெண்ட் பூசச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வந்தார், பார்த்தார். "பூசியாச்சுங்களா?" என்று கேட்டார். "ஆச்சு, ஆச்சு, உங்களுக்காகக் காத்திருக்க முடியுமுங்களா?" என்றேன். அவர் ஓரத்தை மறைக்கிற மெல்லிய மரப்பட்டையை அடித்துவிட்டுப் போனார்.

முதல் சில வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கதவுக்கு நேர் கீழே, எங்கள் கூடத்து மேற்கூரையில் தோசை அளவுக்கு ஒரு கறை வந்தது. அடுத்த மழையில் சொட்டத் தொடங்கியது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். வந்தார். மரப்பட்டையை ஒரு முனையில் கொஞ்சம் நெம்பிப் பார்த்தார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். திரும்ப அடித்துவிட்டு எழுந்தார்.

"மேல பூசறதெல்லாம் வேலைக்காகாதுங்க மச்சான். நெலையக் கழட்டோணும். அடியில இருக்கறதப் பூராவும் சொரண்டி எடுத்துட்டு, புதுசா வெக்கோணும்."

எனக்கு வந்ததே கோபம்! தான் வைத்தது சரியில்லை என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளாமல், நிலையையே கழற்ற வேண்டுமாம். "குடியிருக்கற ஊட்ல நெலையக் கழட்டறது ஆகுமுங்களா?" என்று சாஸ்திரம் பேசினேன். எனக்கும் சாஸ்திரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எதிராளியின் வாயை அடைக்க வேண்டும் என்றால் மட்டும் அது எனக்கு நினைவுக்கு வரும்.

அதற்குப் பிறகு நானே வைத்தியம் பார்த்தேன். முதல் வருடம் சிலிக்கான் டியூப். துப்பாக்கியில் போட்டு அழுத்தி, நிலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. ஒரே மழையில் அது மரத்தைவிட்டு நாடா மாதிரி உரிந்து வந்தது. ஹார்டுவேர்ஸ் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அடுத்த வருடம் கையால் பிசைந்து ஒட்டுகிற பசை. அதற்கடுத்துத் தார். ஒவ்வொரு முறையும் பசை போடுவதற்கு முன், விரிசல் விழுந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வேஸ்ட் திணித்தேன். அதுவாவது தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் என்ற நம்பிக்கை. சொட்டுகிற இடத்தில் வாளி வைத்துவிட்டு, "இந்த வேஸ்ட்டும் இல்லீன்னா ஊடே மொதந்திருக்கும்" என்று வீட்டுக்காரியிடம் பெருமை வேறு பேசினேன்.

"கத்துனா ஒழுகறது நிக்குமுங்களா?" என்றாள் அவள். "அவரு சொன்னதத்தான் செஞ்சு பாருங்களேன்."

அவர் சொன்னதைச் செய்வதா? அதைவிட ஒழுகட்டும் என்று இருந்தேன். உறவில் யார் வந்தாலும் மேலே விரலைக் காட்டி, "எங்க மாப்பிள்ளையோட வேலையைப் பாருங்க" என்பேன். வந்தவர்கள் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்வார்கள்.

பிறகு அந்த மாரியம்மன் நோம்பி வந்தது, எங்கள் பக்கத்துத் திருவிழா. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தங்கை குடும்பம், பெரியப்பா வீட்டார், சித்தப்பா வீட்டார் என்று கூடம் நிறைய ஆட்கள். இரண்டு வரிசையாக இலை போட்டோம். சாப்பாட்டுக்கு நடுவில் கோடை மழை கொட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் மேற்கூரையைப் பார்த்தேன். வாளியை எடுத்து வைக்க எழலாம் என்று நினைப்பதற்குள், சுண்ணாம்பு கலந்த தண்ணீர் என் இலையில், ரசஞ்சோற்றின் நடுவில் விழுந்தது. எதிர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவ்வளவுதான். நான் எழுந்து நின்று கத்தினேன். "ஒரு நெலைய ஒழுங்கா வெக்கத் துப்பில்ல, இதுல பட்டறை ஒரு கேடு! சொந்தமாச்சேன்னு வேலை குடுத்தேன் பாருங்க, என்னையச் செருப்பால அடிக்கோணும்!"

மாப்பிள்ளை பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி இருந்தார். என் கல்யாணத்தில், உடன்பிறந்தவள் செய்ய வேண்டிய இணைச்சீரை எனக்குச் செய்தவள் என் தங்கை. பட்டுப்புடவையைச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் நின்றபோது அவளுக்குப் பதினாறு வயது. அவள் இப்போது இலையை மூடாமல் எழுந்தாள். கை கழுவினாள். "எந்திரிங்க, போலாம்" என்று அவரிடம் சொன்னாள். கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் வண்டியில் போனார்கள்.

போய்க் கூப்பிட்டிருக்கலாம். வீட்டுக்காரி சொன்னாள், பெரியப்பா சொன்னார். அண்ணன் நான், நான் எதற்குப் போக வேண்டும்? நான் சொன்னதில் என்ன பொய்? கூரை ஒழுகுகிறதா இல்லையா? இதையே சொல்லிச் சொல்லி மூன்று வருடத்தை ஓட்டினேன். தீபாவளிக்கு அவள் வரவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தபோதும் வரவில்லை. வீட்டுக்காரிக்குப் போன் செய்து என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டாளாம். வீம்பு என்பது எங்கள் குடும்பச் சொத்து, அதைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஐப்பசி மழை விட்டு நான்கு நாள் நல்ல வெயில். ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். கதவைச் சாத்த முடியவில்லை. கீழ்க்கட்டை உப்பி, கதவு நடுவில் சிக்கி நின்றது. தள்ளினேன், இழுத்தேன், பிறகு ஓங்கி ஓர் உதை விட்டேன். கதவு அசையவில்லை. ஓரத்து மரப்பட்டை மட்டும் பெயர்ந்து விழுந்தது. கட்டை உளுத்துப்போய், விரலால் குத்தினால் பிண்ணாக்கு மாதிரி உதிர்ந்தது. "ஒழிஞ்சு போ" என்று கடப்பாரையை எடுத்தேன்.

தார் பெயர்ந்தது. அதற்கடியில் பசை, அதற்கடியில் சிலிக்கான், விரிசல் விட்ட சிமெண்ட் பூச்சு. ஒவ்வொரு வருடத்துக் கோபமும் ஓர் அடுக்காகக் கிடந்தது. அதற்கும் கீழே வேஸ்ட். முதலில் சாம்பல் நிறம், பிறகு ரோஸ் நிறம், கடைசியாகக் கருநீலம். கருநீலத்தைப் பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. நான்கு நாள் வெயிலில் தளம் கால் வைக்க முடியாமல் சுட்டது. ஆனால் அந்தத் துணி சொதசொதவென்று ஈரம். முறுக்கிப் பிழிந்தேன். பழுப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

விரித்துப் பார்த்தேன். கருநீலத்தில் வெள்ளை வெள்ளையாகக் குட்டிப் படகுகள். எனக்கு அந்தத் துணியைத் தெரியும். வீடு கட்டிய வருடம் வந்த குழந்தைகள் சட்டை ஆர்டர். ரோல் வந்து இறங்கிய அன்று மடியில் விரித்து ஒரு சொட்டு விட்டேன். விட்ட இடம் தெரியாமல் குடித்துவிட்டது. "இதுதாண்டா துணி!" என்று கம்பெனி முழுக்கக் கேட்கும்படி பாராட்டினேன். அதே துணியை, அதே கையால், என் வீட்டுக் கதவுக்கு அடியில் திணித்திருக்கிறேன். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. மாடியில் விழுந்த மழையை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சி, மரத்துக்கும் ஊட்டி, என் கூடத்துக்கும் இறக்கியிருக்கிறது. நான் வருடா வருடம் அதற்குத் துணையாக இன்னும் கொஞ்சம் துணியை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்தால் எனக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். சுற்றிப் பார்த்தேன். மாடியில் நானும் கடப்பாரையும்தான் இருந்தோம். கடப்பாரையைத் தூக்கி எறிந்தேன். அது தண்ணீர்த் தொட்டிக் குழாயில் பட்டு, அதிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சியது. சத்தம் கேட்டு வீட்டுக்காரி மேலே வந்தாள். என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். நிலையைப் பார்த்தாள்.

"இதுக்குத்தானுங்களா அவ மூணு வருசமா வராம இருக்கறா?" என்றாள். குழாயை மூடப் போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

துணியை ஒரு கவரில் போட்டுக்கொண்டு பூண்டிக்குப் போனேன். மாப்பிள்ளை பட்டறையில் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இழைப்புளியைக் கீழே வைத்தார். "வாங்க" என்றார். நான் கவரைப் பலகை மேல் கவிழ்த்தேன். ஈரத் துணி பொத்தென்று விழுந்தது.

"இது நெலைக்கு அடியில இருந்துச்சுங்க."

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"மொத தடவை ஒழுகுதுன்னு கூப்பிட்டீங்களே, அன்னைக்குப் பட்டைய நெம்பிப் பாத்தனுங்க. நூலு தெரிஞ்சுது."

எனக்குத் தலைக்கு ஏறியது. வந்த காரியம் மறந்துவிட்டது. "தெரிஞ்சும் வாயத் தெறக்காம இருந்தீங்களா? அத்தனை பேரு முன்னால நான் கத்தறப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நெலையக் கழட்டிப் பாக்கலாம்னு சொன்னனுங்களே மச்சான். கழட்டியிருந்தா நீங்களே பாத்திருப்பீங்க. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சிருக்கும்."

பக்கத்தில் உளிச் சத்தம் நின்று திரும்பத் தொடங்கியது. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. கதவருகில் தங்கை நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. முன் தலை நரைத்திருந்தது. மூன்று வருடத்தில் நரைத்ததை நான் பார்க்கவில்லை.

"அம்மிணி, இங்க பாரு" என்று துணியைக் காட்டினேன். "தப்பு எம்மேலதான்."

"எனக்கு எதுக்குங்ணா காட்டறீங்க?" என்றாள். குரலில் சூடு இல்லை, அதுதான் சுட்டது. "உங்க பேச்சக் கேட்டு நம்ம சொந்தத்துலயே ரெண்டு ஊட்டுக்காரங்க வேற ஆள வெச்சு வேல பாத்துட்டாங்க. இவரு ஒரு வார்த்தை பேசல. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? அன்னைக்கு இலையில உக்காந்திருந்தவங்களுக்குக் காட்டுங்க."

உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் மாப்பிள்ளை என் வீட்டு மாடியில் இருந்தார். நான் கூப்பிடவே இல்லை. நிலை முழுவதையும் கழற்றினார். தளத்தில் ஒட்டியிருந்த தார், பசை, சிலிக்கான் எல்லாவற்றையும் உளியால் சுரண்டி, வெறும் சிமெண்ட் தெரியும்வரை விடவில்லை. "இப்ப வெச்சரலாமுங்களா?" என்று கேட்டேன். "காயட்டுமுங்க" என்றார். பத்து நாள் கதவில்லாமல் தார்ப்பாய் கட்டி வைத்திருந்தோம். அந்தப் பத்து நாளும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த மாதிரி வாழ்க்கையில் வேறெப்போதும் இருந்ததில்லை.

பிறகு புதுக் கட்டை கொண்டுவந்தார். அதன் அடிப்பக்கத்துக்கும் பெயிண்ட் அடித்திருந்தார். தளத்தில் பசையைக் கனமாகப் பரப்பி, அதன் மேல் கட்டையை உட்கார வைத்து, திருகாணிகளைப் பாதி மட்டும் முடுக்கினார். மீதியையும் முடுக்கச் சொன்னேன். "இப்பவே இறுக்குனா பசையெல்லாம் பிதுங்கி வெளிய வந்துருமுங்க. நடுவுல ஒண்ணும் இருக்காது. கெட்டியாகட்டும், நாளைக்கு முடுக்கறேன்" என்றார். அந்த வேலை முடிகிற வரை அவர் சேர்ந்தாற்போல் பேசியதில் அதுதான் நீளம். வேலை நடந்த நாளெல்லாம் என் வீட்டுக்காரி காப்பி கொண்டுபோய் வைத்தாள். அது ஆறிப்போய்த் திரும்பி வரும். அவர் தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். என் கதவைச் சரிசெய்வார், என் வீட்டில் கை நனைக்க மாட்டார். அந்த ஆறிய காப்பியைப் பார்க்கிறபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அது அவர் மேல் இல்லை.

இந்த வருட நோம்பிக்கு, அன்று இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டேன். தங்கைக்கும் போன் செய்தேன். "பாக்கலாமுங்ணா" என்றாள். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகும் வரவில்லை. வாசல் கேட் சத்தம் கேட்டபோது சோறு பரிமாறிவிட்டிருந்தார்கள். இருவரும் வந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். உட்காரவில்லை, சுவரோரமாக நின்றார்கள்.

நான் அந்தக் கருநீலத் துணியை எடுத்துக்கொண்டு நடுக் கூடத்தில் நின்றேன். "எல்லாரும் பாத்துக்குங்க," என்றேன். சாதாரணமாகச் சொல்ல நினைத்தது கத்தலாகத்தான் வந்தது. "மாப்பிள்ளை வெச்ச நெலை ஒழுகல. அடியில இந்த வேஸ்ட்டத் திணிச்சது நான். கூறுகெட்டவன் நான். தண்ணி குடிக்கற துணிய வெச்சுத் தண்ணிக்கு அணை போட்டேன். அன்னைக்கு அவரச் சொன்னதெல்லாம் எனக்குத்தான் சேரும். போதுமா? இப்பச் சாப்பிடுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது என்றுகூட இருந்தது. தங்கை சுவரைவிட்டு வந்தாள். அன்று எழுந்துபோன அதே இடத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரி இலை போட்டாள்.

ரசம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை தலையும் மேலே நிமிர்ந்தது. நானும் கறையைப் பார்த்தேன். நிமிராதவர் ஒருவர்தான். அவர் பாட்டுக்கு ரசஞ்சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

மழை வலுத்தது. மேலேயிருந்து ஒன்றும் விழவில்லை.

தங்கை என்னைப் பார்த்தாள். "ரசத்துல உப்புப் பத்தலீங்ணா" என்றாள்.

என் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னவரை நான் சும்மா விட்டதே இல்லை. உப்பு எடுத்துவர எழுந்து போனேன்.